கணக்கில் வராத கடல் – 6: நவம்பரில் ஆறு நாட்கள்

கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்து, சிங்கப்பூர் நிதியமைச்சில் அதிகாரியாக இருந்து, சொந்த ஊரான பினாங்குக்கே திரும்பிவிட்ட மார்ட்டின் கோர் கோக் பெங்கை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தில் சென்ற வாரம் விட்டுவிட்டு வந்தோம். 1951ல் பிறந்தவர். வாழ்க்கை முழுக்க வாத்தியாராகவே இருந்திருக்கலாம். ஆனால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவரை இழுத்துக்கொண்டது. அதன் ஆய்வு இயக்குநரானார்.

இந்த வாரம் நாம் 1984க்குப் போகிறோம். அந்த ஆண்டு நவம்பரில் பினாங்கில் நடந்த ஒரு மாநாடு, இந்தச் சின்னத் தீவின் பொருளாதார நிபுணர் ஒருவரை உலகத்தின் சண்டைக்குள் தள்ளிவிட்டது.

அதற்கு முன் ஒரு சின்ன நடை.

* * *

லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் தெருமுனையில் நின்றுகொள்ளுங்கள். ஒலிபெருக்கிப் பாட்டும், மல்லிகையும், வடைச்சட்டியின் எண்ணெய் வாசமும் ஒன்றாக வந்து மோதும். பின்னால் லெபு குவீனில் மகா மாரியம்மன் கோயில் கோபுரம். கிழக்கே திரும்பி நடந்தால், லெபு பந்தாயைத் தாண்டிய சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். ஃபெர்ரித்துறை அங்கேதான்.

ஃபெர்ரியில் ஏறி எதிர்க்கரையைப் பாருங்கள். கப்பல் துறையும் கிடங்குகளும் தெரியும் பட்டர்வொர்த். அதற்கு வலப்புறமாக, தெற்கே, பிறை. புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், தொழிற்சாலைக் கூரைகள். இன்னும் தெற்கே போனால் ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடம்.

இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் நம் கதை நடக்கிறது. இந்தக் கரையில் பொருளை வாங்கி விற்கிறார்கள். அந்தக் கரையில் பொருளைச் செய்கிறார்கள். செய்யும்போது மிஞ்சும் கழிவு நடுவிலுள்ள கடலுக்கு வருகிறது.

பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ். எம். முகமது இத்ரீஸ் இந்தக் கரையின் மனிதர். 1926ல் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்கு வந்த தமிழ் முஸ்லிம். வணிகர். வெள்ளை ஜிப்பாவும் சொங்கோக் தொப்பியுமாகவே எல்லா மேடையிலும் தோன்றியவர். ஊரில் பலருக்கு அவர் ‘அங்கிள் இத்ரீஸ்’. 1970ஐ ஒட்டிச் சங்கம் தொடங்கிய காலத்தில் வந்த புகார்கள் கடைத்தெருப் புகார்கள்தான்: நிறை குறைவு, விலை அதிகம், தின்பண்டத்தில் சாயம். சங்கத்தின் பத்திரிகை ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. தராசை நம்பாத ஜனங்களுக்கு அது ஒரு தைரியம்.

கடைத்தெருவில் பழகிய மனிதருக்குப் பொருளாதாரம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய ஒன்றல்ல. ஒரு பொருளுக்கு இரண்டு விலை இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வாங்குபவன் குறைத்துக் கொடுத்தால் மீதியை வேறு யாரோ கொடுத்தாக வேண்டும். கோர் கேம்பிரிட்ஜில் கற்றுக்கொண்டு வந்ததும் இதைத்தான், வேறு சொற்களில். இருவரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

* * *

அந்த மீதியைக் கொடுத்தவர்களைப் பார்க்க ஜூருவுக்குப் போக வேண்டும்.

கோலா ஜூரு ஒரு மலாய் மீனவக் கம்பம். ஆற்று முகத்துவாரம். அறுபதுகளின் இறுதியில் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தபோது, வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மாநிலம் கண்டுபிடித்த மருந்து தொழிற்சாலை. பிறையில் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1972ல் தீவில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது உண்மை. அதை மறைத்து எழுதக் கூடாது.

அதே காலத்தில் ஜூரு ஆற்றில் மீன் செத்து மிதந்தது. அதுவும் உண்மை.

எழுபதுகளின் நடுவில் சங்கம் அந்தக் கம்பத்துக்குப் போனது. மனு எழுதிக் கொடுத்தது, பத்திரிகைகளில் விஷயத்தைக் கொண்டுவந்தது. மீனவர்களோ மனுவோடு நிற்கவில்லை. ஆற்றில் மீன் போன பிறகு, கூட்டுறவு அமைத்து முகத்துவாரச் சேற்றில் கெராங் வளர்க்கத் தொடங்கினார்கள்.

கெராங் தெரியாத பினாங்குவாசி இருக்க முடியாது. சார் குவே தியாவ் தட்டில் கறுப்பும் சிவப்புமாய்க் கிடக்கும் சிப்பிச் சதை அதுதான். ஓட்டைப் பிளந்தால் ரத்தம் போலச் சிவந்த நீர் கசியும். குஞ்சுச் சிப்பிகளைச் சேற்றுப்படுகையில் தூவிவிட்டு ஒன்றிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு படகில் நின்றபடி, நீண்ட கைப்பிடி வைத்த கம்பிக்கூடையால் சேற்றை அரித்தெடுப்பார்கள். சேறு கூடையின் இடுக்குகளில் வழிந்துபோகும். சிப்பி நிற்கும்.

கெராங் இடம்பெயராது. இருக்கிற இடத்திலேயே நீரை உறிஞ்சி, வடிகட்டி, அதில் உள்ளதைத் தின்று வாழும். நீரில் உலோகம் இருந்தால் அதுவும் சதையில் சேரும். ஆகவே மேலே தொழிற்சாலையில் செலவு மிச்சம் பிடிக்க யாரோ திறந்துவிடும் குழாய்க்கும் லெபு சூலியா முனையில் நாம் கேட்டு வாங்கும் ஒரு தட்டுக்கும் இடையில் சேற்றில் புதைந்த ஒரு சிப்பிதான் இருக்கிறது.

பொருளாதார நூல்களில் இதற்கு ‘புறவிளைவு’ என்று பெயர். கழிவை ஆற்றில் விட்டால் தொழிற்சாலைக்குச் சுத்திகரிப்புச் செலவு மிச்சம். அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. மீனவன் வலையில், அவன் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தில், அவன் விற்க வேண்டி வந்த படகில் அது வந்து நிற்கிறது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் வருவதில்லை.

* * *

மலேசியாவுக்கு இதைச் சரிசெய்யத் தெரியாதா? தெரியும். செய்தும் காட்டியது.

1974ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1977ல், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குத் தனி விதிகள். அந்நாளில் ஆறுகளை அதிகம் கெடுத்தது ஆலைக் கழிவுதான். புளித்த, பழுப்பு நிறக் கழிவு. நீரில் உள்ள பிராணவாயுவை அது தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

விதி எளிமையானது. கழிவு எவ்வளவு பிராணவாயுவைக் குடிக்கும் என்று அளப்பார்கள். அந்தச் சுமையில் டன்னுக்கு 10 வெள்ளி கட்ட வேண்டும். உச்ச வரம்பு முதல் ஆண்டு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். ஆண்டுக்காண்டு இறக்கிக்கொண்டே வந்து, எண்பதுகளின் தொடக்கத்திலேயே 500. ஆலைகள் கழிவுக் குளங்கள் வெட்டின. எண்ணெய் உற்பத்தி கூடிக்கொண்டே போனது, ஆற்றில் விழுந்த சுமை மளமளவென்று இறங்கியது. இன்றும் உலகத்துச் சுற்றுச்சூழல் பொருளாதார வகுப்புகளில் இந்த உதாரணம் பேசப்படுகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை. அதன் பின்னாலேயே ஒரு வலி. செம்பனைக்கு முடிந்தது ஜூருவுக்கு ஏன் முடியவில்லை?

செம்பனை ஒரே தொழில். கழிவு ஒரே மாதிரி. அரசுக்கு அதன் மேல் அக்கறை, ஆலைகளுக்கு லாபம், சுத்திகரிக்கும் வழியும் கைக்கு எட்டியது. பிறையில் அப்படி இல்லை. ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு வேறு தொழில். பல முதலீடுகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இங்கே கெடுபிடி கூடினால் முதலாளி பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் மாநிலத்துக்கு எப்போதும் இருந்தது. அந்த நாட்டுக்கும் இதே பயம்.

கோர் பிடித்துக்கொண்டது இந்தப் பயத்தை. இதுதான் அவரை மற்றப் பொருளாதார நிபுணர்களிடமிருந்து வேறாக்கியது என்று நான் நினைக்கிறேன். கழிவுக்கு என்ன வரி போடலாம் என்று பலர் கேட்டார்கள். அந்த வரியைப் போட ஓர் ஏழை நாட்டுக்கு ஏன் துணிவு வருவதில்லை என்று அவர் கேட்டார்.

1983ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மலேசியப் பொருளாதாரத்தின் அமைப்பையும் அது பிறரைச் சார்ந்து நிற்பதையும் பற்றியது. ரப்பர், ஈயம், மரம், செம்பனை என்று மண்ணிலிருந்து எடுத்தது எல்லாம் வெளியே போகிறது. விலையை லண்டனிலும் நியூயார்க்கிலும் வைக்கிறார்கள். லாபத்தில் ஒரு பங்கும் வெளியே போகிறது. இங்கே தங்குவது கூலியும் குழியும். தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் விலை இறங்கினால் அரிசி குறையும் என்பது அவர்கள் வயிற்றுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் அதை எண்ணாக, அட்டவணையாக, யாரும் மறுக்க முடியாத கணக்காகப் போட்டுக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

* * *

1984 நவம்பர்.

இந்திரா காந்தி சுடப்பட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் அப்போதுதான் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு வருடம் முன்பு மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததிலிருந்து, தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒவ்வொரு நாடாகக் கடன்காரன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பினாங்குக் கால்வாயில் பாலம் பாதி எழும்பி நின்றது. அது அடுத்த ஆண்டுதான் திறந்தது.

அந்த மாதம் 9ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை பயனீட்டாளர் சங்கம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. மூன்றாம் உலகம் காண்பது வளர்ச்சியா, நெருக்கடியா என்பதுதான் தலைப்பு.

ஒரு கணம் நின்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தராசுப் படிக்கல்லைச் சோதித்துக்கொண்டிருந்த சங்கம் இது. தலைநகரில் இல்லை. ஒரு துறைமுக ஊரின் உள்ளூர்ச் சங்கம் பல நாட்டு அறிஞர்களையும் களப்பணியாளர்களையும் கூப்பிட்டு, உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது, எங்கள் நாட்டில் இது நடக்கிறது, உட்கார்ந்து பேசுவோம் என்கிறது.

துணிச்சல் முழுக்க எங்கிருந்தோ குதித்துவிடவில்லை. 1982லேயே பினாங்கில் பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பு ஒன்று பிறந்திருந்தது. பன்னாட்டுப் பயனீட்டாளர் இயக்கத்தின் வட்டார அலுவலகம் இங்கே இருந்தது. அதை நடத்திய அன்வார் ஃபாசல் அதே 1982ல் சுவீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றார். பணக்கார நாடு தன் மண்ணில் தடை செய்த மருந்தை ஏழை நாட்டுக்கு விற்பதைத் தட்டிக் கேட்ட ஊர் இது. ஜார்ஜ் டவுனின் தெருக்களில் தமிழனும் சீனனும் மலாய்க்காரனும் ஒரே காபிக் கடையில் ஒதுங்கும் பழக்கம் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. வெளிநாட்டுக்காரனுடன் பேசுவதற்கு இந்த ஊர் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை.

ஆறு நாட்கள் பேசினார்கள். உணவு, மருந்து, கடன், காடு, தொழிற்சாலை, செய்தித்தாள், பல்கலைக்கழகப் பாடத்திட்டம். பேசப் பேச ஒரு விஷயம் தெளிவானது. ஒவ்வொருவரும் தன் ஊரின் தனிப்பட்ட துயரம் என்று நினைத்துக் கொண்டுவந்தது அடுத்தவரின் ஊரிலும் இருந்தது. எல்லா நாட்டிலும் ஒரு ஜூரு இருந்தது.

பணக்கார நாடுகளுக்கு இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேச வங்கி இருக்கிறது, நிதியம் இருக்கிறது, ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஏழை நாட்டு மக்களின் பக்கம் நின்று எண்ணோடு பேச யார் இருக்கிறார்கள்? கோலாலம்பூரில் நடப்பது சென்னைக்குத் தெரிய வேண்டுமென்றால் அந்தச் செய்தியும் லண்டனைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது.

மாநாடு முடியும்போது ஒரு முடிவு எடுத்தார்கள். மூன்றாம் உலக வலையமைப்பு என்று ஒன்று தொடங்க வேண்டும். தலைமையகம் பினாங்கு. ஒருங்கிணைப்பாளர் இத்ரீஸ். அதன் இயக்குநராகப் பிற்பாடு உலகம் அறிந்த பெயர் மார்ட்டின் கோர்.

நவம்பர் 14 அன்று விருந்தினர்கள் பெட்டி கட்டினார்கள்.

* * *

சரியாகப் பதினெட்டு நாள்.

டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, போப்பாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. அது பூச்சிமருந்து செய்யும் ஆலை. விடிவதற்குள் தெருக்களில் பிணங்கள். செத்தவர்கள் ஆலையைச் சுற்றிக் குடிசை போட்டிருந்த ஏழைகள். ஆயிரக்கணக்கில்.

லிட்டில் இந்தியாவின் கடைகளில் அந்த வாரம் வேறு பேச்சு இருந்திருக்க முடியாது. பினாங்கில் ஆறு நாள் தாளில் எழுதி விவாதித்த அத்தனையும் ஒரே இரவில் ஒரு நகரத்தின் மேல் இறங்கியது. பாதுகாப்புச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் ஓரிடம். அதைக் கட்டியவர்கள் வேறிடம்.

கட்டியதன் விலை பின்னால் பேசி முடிக்கப்பட்டது. 1989ல் 470 மில்லியன் டாலர் இழப்பீடு, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து. பாதிக்கப்பட்டோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வகுத்துப் பாருங்கள். நான் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மலேசியாவுக்குள்ளேயே இன்னொன்று கொதித்துக்கொண்டிருந்தது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கும் அதில் பங்கு. ஈயம் அலசிய பின் மிஞ்சும் மணலை இங்கே ‘அமாங்’ என்பார்கள். அந்த அமாங்கிலிருந்து அருமண்ணைப் பிரித்து ஏற்றுமதி செய்தது ஆலை. தோரியம் கலந்த கழிவு ஏற்றுமதியாகவில்லை. அது இங்கேயே தங்கியது. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். எந்தக் கணக்குப் பிள்ளையால் அந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுத முடியும்?

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர்கள் துணை நின்றார்கள். அவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன் என்ற இளம் தமிழ்ப் பெண். அவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1987 அக்டோபரில், லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் அரசு நடத்திய கைதுகளின்போது, போலீஸ் வண்டி அவரைத் தேடி வரும்.

அதற்கு முன், 1985 அக்டோபரில், நீதிமன்றம் ஆலைக்கு இடைக்காலத் தடை போட்டது. மக்கள் கையில் முதல் தடவையாக ஒரு தாள் கிடைத்தது.

* * *

அதே 1985 அக்டோபரில் வேறொரு தாள் கிழிந்தது.

24ஆம் தேதி லண்டனில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த பன்னாட்டு ஈய மன்றத்தின் கையில் காசு தீர்ந்தது. சந்தை மூடப்பட்டது. விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த ஆண்டு மலேசியப் பொருளாதாரமே சுருங்கியது.

ஈயம் தோண்டியவன் என்ன தப்புச் செய்தான்? ஒன்றுமில்லை. நேற்றைப் போலவே இன்றும் மண்ணை அலசினான். ஈயம் போனது, கூலி போனது, குழியும் அமாங்கும் மட்டும் மிஞ்சின.

கோரின் மேசையில் இப்போது இரண்டு கோப்புகள். ஒன்றில் புக்கிட் மேரா. எதிராளி யாரென்று தெரியும். முகவரி தெரியும். ஈப்போவில் ஒரு நீதிபதி இருக்கிறார், சாட்சி சொல்ல மக்கள் இருக்கிறார்கள். இன்னொன்றில் ஈயம். எதிராளியின் பெயர் விலை. அதன் முகவரி லண்டன் என்றும் சொல்லலாம், எங்குமில்லை என்றும் சொல்லலாம். மாநிலம் ஏன் தொழிற்சாலையைக் கண்டிக்கப் பயப்படுகிறது, நாடு ஏன் காட்டை வெட்டி விற்கிறது என்ற கேள்விகளின் வேர் இந்த இரண்டாம் கோப்பில்தான் இருந்தது. முதல் கோப்பில் எத்தனை முறை ஜெயித்தாலும் இரண்டாவது கோப்பு மூடாது.

1986 செப்டம்பரில், உருகுவேயின் புந்தா டெல் எஸ்தே என்ற கடற்கரை ஊரில், உலக வாணிப விதிகளை மாற்றி எழுதும் பேச்சுவார்த்தை தொடங்கியது. இம்முறை சரக்குக்கு வரி எவ்வளவு என்பது மட்டும் பேச்சில்லை. வங்கி, காப்புறுதி, முதலீடு, காப்புரிமை, விதை வரைக்கும் மேசைக்கு வந்தன. ஜெனீவாவில் இருந்த இந்தியப் பத்திரிகையாளர் சக்கரவர்த்தி ராகவன், மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று, உள்ளே என்ன எழுதுகிறார்கள் என்று நாள்தோறும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த அறைக்குள் தொண்ணூற்றுச் சொச்சம் அரசாங்கங்களுக்கு நாற்காலி உண்டு. கோலா ஜூருவின் கெராங் கூட்டுறவுக்கு இல்லை. பினாங்கில் சில மேசைகளும் ஒரு பெயர்ப் பலகையும் வைத்துக்கொண்டு தொடங்கிய வலையமைப்புக்கும் இல்லை.

நாற்காலி இல்லாத ஒருவர் அந்த அறையில் எழுதப்படும் ஒரு வரியையாவது மாற்றுவது எப்படி?

(தொடரும்)